நாலாவதாக வந்தவள்

இல்லை, அபிக்குக் கால் பிடித்துக்கொள்ளவில்லை. கெண்டைக்கால் இல்லை. தொடையும் இல்லை. நீ வாங்கச் சொன்ன மாத்திரையை நான் வாங்கவில்லை, வாங்கியதாகச் சொன்னேன். ஒரு வாரமாக நீ தினமும் கேட்கிறாய், நானும் தினமும் "இப்ப கொள்ளாம் மக்கா, வலி கொறஞ்சிருக்கு" என்கிறேன். போனில் இதைச் சொல்ல முடியாது. மஸ்கட்டில் உன் அறையில் எப்போதும் ஆள் இருக்கிறது. நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு வடிப்பாய். இங்கே உன் பாட்டா என் பக்கத்தில் வந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அபி அடுத்த அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பாள். அதனால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவேன். தனியாக இருக்கும்போது வாசி. வாசித்த உடனே கூப்பிடாதே. இன்று சாயங்காலத்துக்குள் உன் தங்கச்சியைப் பற்றி அவளுடைய பி.டி. டீச்சருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அது என்ன பதில் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எழுதினால் தெரியலாம்.

நீ பார்த்த மாவட்டப் போட்டி வீடியோ டீச்சர் எடுத்தது. முடிவுக் கோட்டுப் பக்கத்திலிருந்து. அதில் கடைசி வளைவு தெரியாது. விருந்தினர் பந்தல் மறைக்கிறது. பந்தலுக்குப் பின்னால் போகும்போது அபி முதலில் இருக்கிறாள். வெளியே வரும்போது நாலாவதாக இருக்கிறாள். இடையில் நடந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான். நம் வீட்டில் யார் ஓடினாலும் ஓடாத ஒருவர் போய்க் கடைசி வளைவில் நிற்க வேண்டும். எண்ணூறு மீட்டரில் மூச்சு தீர்ந்துபோகிற இடம் அது. எனக்காக என் அப்பா, உன் பாட்டா, நின்றார். உனக்காக நான் நின்றேன். வெளிநாடு போகும்வரை அபிக்காக நீ நின்றாய். அங்கே நிற்கிறவருக்கு முடிவு தெரியாது. யாராவது வந்து சொல்ல வேண்டும். எத்தனையோ போட்டிகளுக்குப் போயிருக்கிறேன், நீங்கள் இருவரும் கோட்டைத் தொடுவதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

அபி வந்தாள். அவளுக்கும் பின்னால் வந்த பெண்ணுக்கும் இடையில் ஒரு ஆட்டோ திரும்பலாம். முகத்தில் வேர்வை இருந்தது, இளைப்பு இல்லை. "கைய வீசு மோளே" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு எட்டு வைப்பதைச் சுருக்கினாள். நொண்டவில்லை. சுருக்கினாள், அவ்வளவுதான். ஒரு பெண் கடந்தாள். அபி உள்பாதையிலிருந்து விலகி இடம் கொடுத்தாள். இன்னொரு பெண் கடந்தாள். அதற்கடுத்தவள் வரக் கொஞ்சம் நேரமானது. அபி அவளுக்காகக் காத்திருந்தாள். அவளும் போனாள். ஐந்தாவதாக வந்தவள் தோள்பக்கம் நெருங்கியபோது அபி வேகத்தைக் கூட்டினாள். அந்தப் பெண்ணை ஒட்டவே விடவில்லை. கால் பிடித்தவளால் அது முடியாது. உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்கு. நாலாவது ஆள் வீட்டுக்கு.

திரும்பும்போது தக்கலையில் பஸ் மாற இறங்கினோம். வழக்கம்போலப் பரோட்டா. நாலாவது வந்தால் பரோட்டாவும் கோழியும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ஒரு வருடத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

"ஏட்டி, கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?" என்றாள். பிறகு நினைவு வந்து, "ஆங், அது கொள்ளாம்" என்றாள்.

"நான் வளைவுல ஆக்கும் நின்னேன்."

பிய்ப்பதை நிறுத்தினாள். குழம்பைப் பார்த்துக்கொண்டே, "பாட்டாட்ட சொல்லாத" என்றாள்.

"சொல்லேல்ல."

"அண்ணன்ட்டயும்."

"ஏன்?"

"அண்ணன் அழுவான்."

கடைக்காரர் வந்து இன்னும் குழம்பு ஊற்றிவிட்டுப் போனார். அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு அவளே பேசினாள். "அஞ்சாமது வந்தா எல்லாரும் மொகம் வாடி வெப்ராளப்படுவிய. மூணாமது வந்தா அடுத்த போட்டி வரும். அதுல ஜெயிச்சா அதுக்கடுத்தது. நாலாமதுன்னா நம்ம வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டிய." பிறகு சிரித்தாள். "எம்மா, ஜெயிச்சா என்ன வாங்கித் தரணும்னு உங்களுக்கு ஆருக்கும் தெரியாதுல்லா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. "ஓடப் பிடிக்கலன்னா அத வாயால சொல்லலாம்லாட்டி?" என்றேன்.

"சொன்னா ஏன்னு கேப்பிய. எனக்கு ஏன்னு தெரியாது. பிடிக்கல, அவ்வளவுதான். காரணம் இருந்தாத்தான் பிடிக்காம இருக்கலாமா?"

பஸ் வந்துவிட்டது என்று எழுந்தேன். உண்மையில் அது வேறு பஸ்.

அவள் சொன்னதையே இந்த வாரம் முழுதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாலாவது இடத்தை இந்த வீட்டில் நாம்தான் அவ்வளவு வசதியாக ஆக்கி வைத்திருந்தோம். பாட்டா மணல் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், தொழிலாளர் விளையாட்டு நாளில், வெறுங்காலோடு ஓடி நாலாவதாக வந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது. உனக்கு அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! "முதல் மூணு பேரும் பரிசு வாங்க ஆபீசர் வாறது வர வெயில்ல நிக்கணும். நாலாமத்தவனுக்கு ஒரு சல்லியமும் இல்ல. அப்பமே பஸ் ஏறலாம். கடையில பரோட்டா சூடாக் கெடக்கும்." பொறாமையை மறைக்கச் சிரித்துச் சொன்ன பேச்சுதான் அது. நாம் அதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டோம். நான் பள்ளியில் மாவட்ட அளவில் நாலாவதாக வந்த அன்று, கம்பெனிச் சட்டையோடு வளைவிலிருந்து நடந்து வந்து என் தலையில் துண்டைப் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "முன்னால மூணு பேரு போனா போகட்டு மோளே. பின்னால எத்தன பேரு நிக்குதாவ பாத்தியா?" நான் திரும்பிப் பார்த்தேன். நிறையப் பேர் நின்றார்கள். அவர்களில் சிலர் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிட நான் மேல் என்று அப்பாவுக்காக ஒப்புக்கொண்டேன்.

எனக்கு ஓடப் பிடித்ததா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை, நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிடித்தது திரும்பி வரும் பஸ்தான். ஜன்னல் சீட், பசி, பக்கத்தில் அப்பா தூங்கி விழுவது, இனி அடுத்த போட்டிவரை ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது, ஓட்டமும் முடிந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, தொடர்ந்து ஓடு என்றும் சொல்லவில்லை. அதுவாகவே நின்றது. அதனால் எனக்கும் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லும் வேலை வரவில்லை. அதற்கப்புறம் உன் அப்பா. அவர் இருந்தவரைக்கும் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. போகட்டும் என்று நின்று ஒரு டீ குடிப்பார். அவரை எனக்குப் பிடித்துப்போக அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நம் வீட்டில் ஓட்டத்தை விரும்பியவன் நீ ஒருவன்தான் மக்கா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். சின்ன வயதில் சீனி வாங்க அனுப்பினால் கடைவரை ஓடிப்போய், என்ன வாங்க வந்தோம் என்று மறந்து, திரும்ப ஓடி வருவாய். மறந்ததற்கு வருத்தமே இருக்காது. இன்னொரு தடவை ஓடலாமே. உன் கால்கள் உன் ஆசை அளவுக்கு இல்லை. கல்லூரியில் கடைசிப் போட்டியில் ஒரு நெஞ்சு அகல வித்தியாசத்தில் நாலாவதாக வந்தாய். எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டு பரோட்டா தின்றாய். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாய். அபி அப்போது சின்னப் பெண். கதவுக்கு வெளியே சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணன் அழுவான் என்று அவள் சொல்வது அதனால்தான். அடுத்த வருடம் பள்ளியில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு ஓடுகிற கால் இருக்கிறது என்று. உனக்கு இல்லாதது, எனக்கு இல்லாதது. நீ போனதும் அங்கிருந்து ஷூ அனுப்பினாய். பெட்டியைத் திறந்ததும் அவள் அழுதாள். நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய், "எளா, கரையாதட்டி, அழாம ஓடிக் காட்டு" என்று நீயும் குரல் தடுமாறினாய். அது சந்தோஷ அழுகை என்று நீ நினைத்தாய். பக்கத்தில் இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன், எனக்கு அது வசதியாக இருந்தது. அதிலிருந்து நீ கூப்பிட்டால் முதல் வார்த்தை "இன்னைக்கு எத்தன செகண்டு?" என்பதுதான். சாப்பிட்டியா என்பது அப்புறம். சில நாள் அதுவும் இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் குளிக்கிறாள் என்று நான் சொல்வேனே, உன் தங்கச்சி ஒரு நாளில் அத்தனை தடவை குளிப்பதில்லை.

நீ அவளைத் துன்பப்படுத்தினாய் என்று எழுதவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்குப் பிடித்த பொருளிலேயே நல்லதை எடுத்து அவளுக்குக் கொடுத்தாய். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் அவளால் அதைத் திருப்பித் தர முடியவில்லை. ஏசியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். அந்த விஷயத்தில் அவள் வாய் சின்னது இல்லை.

இன்று மதியம் டீச்சர் கூப்பிட்டார். மூன்றாவதாக வந்த பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அபிக்கு இடம் வந்திருக்கிறது. "கர்த்தர் வழி தொறந்துட்டாரு பாத்தியளா?" என்றார். அம்மை போட்ட பிள்ளைக்கு அவர் எதைத் திறந்தார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. "கால் சரியாயிட்டுதா? சாயங்காலத்துக்கு உள்ள சொல்லுங்க, பேரு அனுப்பணும்" என்றார். அபி பள்ளியில் இருந்தாள். டீச்சருக்கு இன்று வேறு பள்ளியில் வேலை, அபியிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டா உள்ளே படுத்திருந்தார். வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்கிறேன் என்று வைத்தேன்.

உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று உனக்கு நேராகவே எழுதுகிறேன். எனக்கும் ஆசை இருந்தது. அந்த வளைவில் அவள் தனியாக வந்தபோது என் கை மயிர் குத்திட்டு நின்றது. பாட்டா, நான், நீ, மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியவர்கள். அவள் ஏதோ யோசித்துக்கொண்டு நடந்து போகிறவள் மாதிரி வந்தாள். இப்படியும் ஓடலாமா என்று இருந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே என்று இன்று மதியம் அடுப்பின் முன்னால் நின்று நினைத்தேன். பாட்டாவிடம் சொன்னால் வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்துவிடுவார். உன்னிடம் சொன்னால் லீவு கேட்பாய். நாம் மூன்று பேரும் அவள் முன்னால் போய் நின்றால் அவள் போட்டிக்குப் போய்விடுவாள், அது நிச்சயம். அங்கேயும் கடைசி வளைவில் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். மூன்று பேரைப் போகவிடுவாள். நான் பரோட்டா வாங்கிக் கொடுப்பேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அவளிடம் சொல்லாமலேயே டீச்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியவே வராது. அதுவும் சரியாகப் படவில்லை. அவளைக் கேட்காமல் ஓடவிட்டோம், இனிக் கேட்காமல் நிறுத்துவதா?

எனக்குக் களைப்பாக இருக்கிறது மக்கா. ஓடியதால் இல்லை. விடியும் முன்பே பிள்ளைகளை எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போவது, முட்டை அவிப்பது, எண்ணெய் தடவுவது, தோற்றவர் முகத்தைப் பார்த்து என் முகத்தைச் சரிசெய்து வைத்துக்கொள்வது. என் அப்பாவுக்கு ஒரு முகம், உனக்கு ஒரு முகம், அவளுக்கு ஒரு முகம். இந்த ஒரு வாரமாக உன்னிடம் அவள் காலைப் பற்றி இல்லாத செய்திகளைச் சொல்லிச் சொல்லி எனக்கே கால் வலிக்கிற மாதிரி இருக்கிறது. இதற்குமேல் முடியாது. முடியாது என்று இவ்வளவு வயதுக்குப் பிறகு ஒரு காகிதத்தில்தான் எழுத வருகிறது பார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச காலம் அவளிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசாதே. அவள் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. யாரோடு சண்டை போட்டாய், மத்தியானம் என்ன கறி, பாட்டா என்ன சொல்லி ஏசினார், இதையெல்லாம் கேள். அவள் ஒன்றும் இல்லை என்றால் நீயும் சும்மா இரு, போனை வைத்துவிடாதே. வேறு என்னதான் அவளுக்குப் பிடிக்கும் என்று கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதற்கும் ஏதாவது வாங்கி அனுப்பத் தயாராக இருப்பாய். எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஒன்றும் செய்யாமல் இருக்கப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதைச் செய்து பார்க்க அவளுக்கு இதுவரை சாயங்காலம் கிடைத்ததில்லை. ஓட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை என்றால் என்னைக் கூப்பிடு. நான் கேட்கிறேன். வேலைக்குப் போகும் முன் கடலோரம் ஓடுகிறாயே, அதைப் பற்றிச் சொல். அங்கே உன்னை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. நீ அனுப்பிய படங்களில் உன் முகம் நன்றாக இருக்கிறது.

நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்களுக்கு நல்ல கால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தோற்றால் என்ன செய்வது என்று நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு ஒன்றும் இல்லை. அதை நாம் இனித்தான் பழக வேண்டும். உனக்கு இப்போது அழுகை வந்தால் அழு. அவள் பயப்படுகிறாள் என்பதற்காக அடக்க வேண்டாம். ஆனால் அவளைக் கூப்பிட்டு அழாதே.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, டியூஷன் முடிந்து அவள் வரும் நேரத்துக்குப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வீட்டில் வைத்துக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. என்னைப் பார்த்ததும் "பாட்டாவுக்கு என்ன?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். டீச்சர் கூப்பிட்டதைச் சொன்னேன்.

"போறியா, வேண்டாமா? எதுன்னாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

"பாட்டாட்ட ஆரு சொல்லுவா?"

"நான்."

"அண்ணன்ட்ட?"

"எழுதியாச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"அழுவானே எம்மா."

"அழட்டு."

ஒரு லாரி போனது. பிறகு, "வேண்டாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

அங்கேயே நின்று டீச்சரைக் கூப்பிட்டேன். அபி வரவில்லை என்றேன். கால் இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார். கால் நன்றாக இருக்கிறது, அவளுக்கு வர விருப்பம் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து பாட்டாவிடமும் அதையே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு கஞ்சி கேட்டார். எடுத்து வைத்தேன்.